சுவையும் கூலியும்

நாக்குக்கு ஒழுக்கம் உண்டா? ஒரு பானத்தை வாயில் வைத்து, அதன் நயத்தை நுணுகி அறிந்து மகிழும் ஒருவரிடம், 'இதை ஆக்கியவர் யார்? அவருக்குக் கிடைத்தது என்ன?' என்று கேட்பது முறைதானா? அன்றி, அது சுவைக்குப் புறம்பான கேள்வியா? இரசனை பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இக்கேள்வியைத் தவிர்த்தே செல்கின்றனர். மலையகத்தில் வாழ்ந்து, மலையகத்துப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் நம்மால் அவ்வாறு தவிர்த்துச் செல்ல இயலவில்லை.

பானங்களைச் சுவைத்தல் இன்று ஒரு தனிக்கலையாகவே வளர்ந்திருக்கிறது. 'சிங்கிள் மோல்ட்' எனப்படும் விஸ்கியை எடுத்துக்கொள்வோம். முளைகட்டிய வாற்கோதுமையை மட்டுமே கொண்டு, ஒரே வடிசாலையில் வடித்து, மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்காக ஊறவைத்த மது அது. ஸ்கொட்லாந்தின் மண்ணுக்கும் நீருக்குமே அச்சுவை வாய்க்கும் என்று பலர் நெடுங்காலம் நம்பினர். ஆயினும், பழங்களை வடித்தே பழகிய ஜேர்மனியர் 1980களில் சிங்கிள் மோல்ட் வடிக்கத் தலைப்பட்டனர். 1999 ஆம் ஆண்டு பவேரியாவில் ஸ்லியர்ஸ் என்னும் விஸ்கி தோன்றியது. இன்று ஜேர்மன் சிங்கிள் மோல்ட்டையும் கிண்ணத்தில் சுழற்றி, முகர்ந்து, தேன் என்றும் வனிலா என்றும் உலர்ந்த பழம் என்றும் தாம் கண்டவற்றைப் பட்டியலிட்டு மகிழ்வோர் பலர் உளர்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, சுவை என்பது குருதியிலும் பிறப்பிலும் வருவதன்று. ஆக்குவோரும் அதைக் கற்கலாம், நுகர்வோரும் கற்கலாம். இரண்டாவது, போத்தலின் மேல் வடிசாலையின் பெயர் இருக்கும், பீப்பாயின் மரம் இருக்கும், ஊறிய ஆண்டுக்கணக்கும் இருக்கும். பீப்பாயை உருட்டியவரின் பெயர் இராது. இந்த இரண்டாவது உண்மை நம் மலைச்சரிவுகளில் விளையும் பானத்துக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்தும்.

இவ்விரு பானங்களுக்கும் உறவும் உண்டு. நம் மலைகளில் தோட்டம் அமைத்த துரைமாருள் ஸ்கொட்லாந்தியர் பலர். மஸ்கெலியாப் பகுதியில் ஸ்ட்ரத்ஸ்பே என்றொரு தோட்டமும் மோரே என்றொரு தோட்டமும் உள்ளன. இரண்டும் ஸ்கொட்லாந்தில் விஸ்கிக்குப் பெயர்போன வட்டாரங்களின் பெயர்கள். காட்டை வெட்டியவர்கள் தமிழகத்திலிருந்து நடந்து வந்த தொழிலாளர். பெயரைச் சூட்டியவர்கள் துரைமார். 1867 ஆம் ஆண்டு லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்தியரே. 1869 இல் கோப்பிச் செடியைப் பீடிக்கத் தொடங்கிய இலைநோய், அவ்விளைவைச் சில பத்தாண்டுகளில் அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1883 ஆம் ஆண்டு ஜூலை மாதம் கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. ஏலம் வந்தால் விலை வரும். விலை வந்தால் தரம் பிரிக்கும் நாக்கும் வரவேண்டும் அன்றோ? அவ்வாறு தோன்றிய தொழிலே தேயிலைச் சுவைஞரின் தொழில்.

கொழும்பிலுள்ள தரகர் நிறுவனங்களின் சுவைக்கூடத்தில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் பழைய ஆறு பென்ஸ் வெள்ளி நாணயத்தின் எடை, ஏறத்தாழ 2.8 கிராம், தேயிலை இடுவது இத்தொழிலின் மரபு. கொதிநீர் ஊற்றி, ஐந்தாறு நிமிடம் மூடிவைத்து, வடிப்பார்கள். சுவைஞர் முதலில் உலர்ந்த இலையைப் பார்க்கிறார். பின்னர் வெந்த இலையின் செம்பு நிறத்தை நோக்கி, அதன் மணத்தை முகர்கிறார். அதன் பிறகே ஒரு கரண்டிச் சாயத்தைக் காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சுகிறார். வாய் முழுவதும் தெறித்துப் பரவிய அச்சாயத்தைக் கணநேரத்தில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்கிறார். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிண்ணங்கள். இதனை வெறும் ஆடம்பரம் என்று நாம் எள்ளுதல் தகாது. ஆண்டுக்கணக்கான பயிற்சியும் நினைவாற்றலும் நேர்மையும் வேண்டும் தொழில் இது.

அவர்களுக்கென ஒரு சொற்களஞ்சியமும் உண்டு. 'பிரிஸ்க்', 'பிரைட்', 'பாடி', 'மோல்ட்டி' என்பன அவற்றுட் சில. 'மோல்ட்டி' என்பது முளைகட்டிய வாற்கோதுமையின் மணத்தைக் குறிப்பது. இச்சொற்களுள் தலையாய 'பிரிஸ்க்' எதனைச் சுட்டுகிறது என்று ஆராயுமிடத்து ஒரு வியப்பு நமக்குக் காத்திருக்கிறது. நாக்கை இலேசாக இறுக்கி, உயிர்ப்பூட்டி விடுவதாகிய அவ்வுணர்ச்சி வேறெதுவுமன்று; நம் முன்னோர் அறுசுவையுள் ஒன்றாக எண்ணிய துவர்ப்பின் செம்மையான நிலையே அது. மேலைநாட்டார் நெடுங்காலம் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு என நான்கையே சுவையெனக் கொண்டனர். துவர்ப்பைச் சுவையென்று பெயரிட்டு வைத்திருந்த மொழி நம்முடையது. அம்மொழியைப் பேசும் மக்களே இந்த மலைகளில் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கொழுந்து பறித்து வருகின்றனர். ஆனால் சுவைக்கூடத்தில் அவர்களுடைய சொல்லுக்கு இடமில்லை.

இனி, அத்துவர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று நோக்குவோம். மலையின் உயரம் ஒரு காரணம். குளிர் ஒரு காரணம். தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, சூடேற்றி உலர்த்தும் திறன் மற்றொன்று. ஆனால் இவையெல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு கை இருக்கிறது. இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளிய இளங்கொழுந்திலேதான் கற்றேக்கின் என்னும் வேதிப்பொருள் செறிந்திருக்கிறது. உருட்டும்போது அது காற்றோடு கலந்து தியாஃபிளவினாக மாறுகிறது. சாயத்துக்கு ஒளியையும் நாக்குக்குத் துடிப்பையும் தருவது அதுவே. முற்றிய இலை கலந்தால், எத்துணை உயர்ந்த மலையாயினும் எத்துணைச் சிறந்த இயந்திரமாயினும் அச்சுவை கிட்டாது. ஆகவே, பனியில் விறைத்த விரல்களோடு எந்தக் கொழுந்தைக் கிள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்று கணந்தோறும் தீர்மானிக்கும் பெண்ணின் அறிவே கோப்பையின் முதலாவது சுவை.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். 'உழைத்தவர்பால் இரங்குவது நன்று. ஆனால் சுவை வேறு, இரக்கம் வேறு. இரண்டையும் குழப்பலாமா?' இத்தடையை மிகக் கூர்மையாக எழுப்பியவர் ஜேர்மன் மெய்யியலறிஞர் காண்ட். 1790 இல் வெளியான தமது நூலில் அவர் ஓர் அரண்மனையை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். அது அழகியதா என்று வினவினால், மக்களின் வியர்வையைப் பெரியோர் இத்தகைய வீண் பொருள்களில் இறைக்கிறார்களே என்று ஒருவர் கடிந்துரைக்கலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கேட்கப்பட்ட கேள்வி அதுவன்று என்பது அவர் கருத்து. நாக்கின் இன்பத்தையும் அழகின் இன்பத்தையும் அவர் வேறுபடுத்தியே வைத்தார் என்பதும் உண்மை. எனினும், இரசனையைப் பேசுவோர் இன்றளவும் தஞ்சம் புகுவது இந்த வாதத்திலேதான்.

இவ்வாதத்தில் ஒரு நியாயம் இருப்பதை நாம் மறுக்கவில்லை. தொழிலாளி ஏழை என்பதற்காகத் தரங்கெட்ட தேயிலையை நல்ல தேயிலை என்று சொல்லிவிட முடியாது. பொய் சொல்லும் நாக்கு உழைப்பாளிக்கும் உதவாது. ஆனால் தேயிலையின் நிலை அரண்மனையின் நிலையன்று. பறித்த கையின் பக்குவம் சாயத்துக்கு வெளியே நிற்கவில்லை, சாயத்துக்குள்ளேயே கரைந்திருக்கிறது. ஸ்கொட்லாந்தின் அறிஞர் ஹியூம், 1757 இல் எழுதிய கட்டுரையொன்றில், டொன் குயிக்சோட்டில் வரும் கதையொன்றை நினைவுகூர்கிறார். பீப்பாய் மதுவைச் சுவைத்த இருவருள் ஒருவர் தோல் மணக்கிறது என்றார். மற்றவர் இரும்பு மணக்கிறது என்றார். சுற்றி நின்றோர் நகைத்தனர். பீப்பாயைக் கவிழ்த்தபோது அதன் அடியில் தோல்வார் கட்டிய பழைய சாவியொன்று கிடந்தது. நுண்ணிய நாக்கு என்பது யாதெனில், கலந்திருப்பது எதுவோ அதனைக் கண்டுகொள்ளும் நாக்கு. அவ்வாறாயின், தேயிலையில் கலந்திருக்கும் கையைக் காணாத நாக்கை நுண்ணியது என்று எவ்வாறு கூறுவது?

ஆனால், நாக்குக்கும் ஓர் எல்லை உண்டு. டெய்லர் தேயிலை நட்ட அதே 1867 ஆம் ஆண்டிலே, ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுக நகரில் மார்க்ஸின் 'மூலதனம்' முதற்பாகம் வெளியானது. தானியத்தை உண்பவனுக்கு அதன் சுவை, அதை விளைவித்தவன் அடிமையா, குடியானவனா, கூலியாளா என்று சொல்லமாட்டாது என்ற கருத்தை அவர் அதிலே எடுத்துக்காட்டினார். இது தேயிலைக்கும் முற்றாகப் பொருந்தும். கொழுந்து இளசா முற்றலா என்பதை நாக்கு சொல்லும். பறித்தவள் அன்று வயிறார உண்டாளா, அவளுக்கு முழுப்பேர் போட்டார்களா என்பதை அது சொல்லாது. நாக்கு கையைச் சொல்லும், கூலியைச் சொல்லாது. இங்குதான் இரசனையின் கடமை முடிந்து அறிவின் கடமை தொடங்குகிறது.

'பேர்' என்ற சொல்லை மலையகத்தார் அறிவர். மற்றையோருக்காகச் சிறிது விளக்குவோம். தோட்டத்தில் ஒரு நாள் வேலை செக்ரோலில் ஒரு 'பேர்' ஆகப் பதியப்படும். குறித்த நிறை கொழுந்து பறித்தால் முழுப்பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் என்றால் அரைநாட் கூலி. பதினெட்டுக் கிலோ பச்சைக் கொழுந்து ஏறத்தாழ நான்கு கிலோ தேயிலையாகும். சுவைஞரின் அளவுப்படி அது 1,400 கிண்ணங்களுக்கு மேல். 2024 ஆம் ஆண்டு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய். பதினெட்டுக் கிலோவுக்கு இதுவே கூலியெனக் கொண்டால், ஒரு கிண்ணத்துக்குப் பறித்தவளின் பங்கு ஒரு ரூபாய்கூட இல்லை. 1,000 ரூபாய் நாட்கூலிக்காகவே ஆண்டுக்கணக்கில் போராடி, 2021 இல் அதனைப் பெற்ற மக்கள் இவர்கள்.

இன்னுமொரு முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது. திம்புள்ளை, நுவரெலியாப் பகுதிகளின் தேயிலை சனவரி முதல் மார்ச் வரையிலான பனியும் வறட்சியும் கலந்த நாட்களிலே சிறந்த மணம் பெறும். ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்தெம்பர் வரை. காரணம் யாது? குளிர்காற்றிலும் வறட்சியிலும் செடி மெல்ல வளர்கிறது; மணப்பொருள்கள் கொழுந்திலே செறிகின்றன. சுவைஞர்கள் ஆவலோடு எதிர்பார்க்கும் பருவம் அது. ஆனால் செடி மெல்ல வளரும் பருவம் கூடை மெல்ல நிறையும் பருவமுமாகும். ஏலத்தில் மணம் ஏறும் நாட்களிலேயே மலையில் நிறை இறங்குகிறது. ஒரே பனி ஒரு புறம் நறுமணமாகவும் மறுபுறம் அரைப்பேராகவும் கணக்கில் ஏறுகிறது. இவ்விரண்டு கணக்குகளையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

பேரின் கதை செக்ரோலோடு முடியவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனையடுத்து 1949 இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் இம்மக்களின் பேரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பகிர்ந்தது. எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது. இத்தனை காலமும், பெட்டியின் மேல் தோட்டத்தின் பெயர் மட்டும் ஒரு நாளேனும் விடுபடாமல் உலகெங்கும் சென்றுகொண்டிருந்தது.

நம் நாட்டுத் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதியாகிறது. லயத்து அடுக்களைக்கு வந்து சேருவது பெரும்பாலும் தூள். அதைக் கொதிக்கவைத்து, கறுத்த சாயமாக, சீனியைக் கையில் வைத்து நக்கியோ சீனியின்றியோ குடிப்பதே வழக்கம். இதனைக் கண்டு, 'இவர்களுக்குச் சுவை தெரியாது' என்று சொல்வோரும் உளர். சுவை அறிவதற்கு நல்ல தேயிலை மட்டும் போதாது. அது ஊறும் ஐந்தாறு நிமிடமும் வேண்டும். விடியற்காலையில் பிள்ளையை எழுப்பி, ரொட்டி சுட்டு, பிரட்டுக்களத்துக்கு ஓடும் தாய்க்கு அந்த ஐந்தாறு நிமிடத்தை யார் கொடுத்தார்கள்? ஐம்புலன்களும் மனித வரலாற்றின் ஆக்கமே என்றும், பசியால் வாடுவோனுக்கு உணவின் நயம் தென்படாது என்றும் இளம் மார்க்ஸ் 1844 இல் எழுதியது இதனைத்தான். சுவையறிவின்மை ஓர் இனத்தின் குறையன்று; பறிக்கப்பட்ட ஓய்வின் மறுபெயர்.

மதுவின் விடயத்தில் இவ்விரட்டை அளவை இன்னும் வெளிப்படையாகத் தெரியும். நுவரெலியாவில் 1876 ஆம் ஆண்டு தோன்றிய ஹில் கிளப்பைப் போன்ற துரைமார் கழகங்களில் விஸ்கிக் கிண்ணம் பண்பாட்டின் அடையாளமாயிருந்தது. அதே மலையின் அடிவாரத்தில் தவறணைக்குச் சென்ற தொழிலாளி மட்டும் குடிகாரன் எனப்பட்டான். சாராயமும் கசிப்பும் லயத்துக் குடும்பங்களைச் சீரழித்ததை, குறிப்பாகப் பெண்கள் தலையில் இரட்டைச் சுமையை ஏற்றியதை, நாம் எவ்விதத்திலும் நியாயப்படுத்தமாட்டோம். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தது வீணன்று. ஆனால் ஒருவன் குடித்தால் இரசனை, இன்னொருவன் குடித்தால் இழிவு என்று தீர்ப்பளிப்பது ஒழுக்கமாகாது. அது வர்க்கத்தின் குரல்.

ஆயின், முடிவு யாது? சுவையைத் துறந்துவிடுவதா? முற்போக்காளருள் சிலர் அவ்வாறு எண்ணுவதுண்டு. வறுமை நிறைந்த உலகில் நயம் பேசுவதே குற்றம் என்பது அவர்கள் நிலைப்பாடு. நாம் இதனை ஏற்கவில்லை. நாம் நல்ல தேநீரைக் குடியாது விட்டால் பறித்தவளின் கூடை கனம் குறைந்துவிடாது. அதுமட்டுமன்று, சுவையை இகழும்போது, அச்சுவையை உண்டாக்கிய கையின் திறனையும் சேர்த்தே இகழ்கிறோம். அவள் செய்வது வெறும் பாரஞ் சுமத்தல் என்ற துரைமாரின் கணிப்பை நாமும் வழிமொழிந்தவராகிறோம்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்டோர், சுவைக்கப்படும் பொருள், அதனை உணரும் உணர்வு, உள்ளத்தில் எழும் குறிப்பு, உடலில் தோன்றும் விறல் என நான்கு கூறுகளாகச் சுவையை விளக்கினர். நாடகச் சுவைக்குச் சொல்லப்பட்ட அவ்விளக்கம் நாவின் சுவைக்கும் துணையாகும். ஆனால் இந்நான்கினுள்ளும் பொருளை ஆக்கியவருக்கு இடமில்லை. பொருள் வந்து நிற்கிறது. எங்கிருந்து வந்தது என்பது கேட்கப்படவில்லை. அந்த ஐந்தாவது கூற்றைச் சேர்ப்பதே நம் காலத்து அழகியலின் கடன் என்று நாம் கருதுகிறோம். முந்திய நான்கையும் அது குறைப்பதன்று, நிறைவாக்குவது.

வகுப்பில் இதனை ஒருமுறை சோதித்துப் பார்த்தோம். ஏற்றுமதித் தரத்துப் பி.ஓ.பி. தேயிலையையும் கடையில் வாங்கிய தூளையும் ஒரே அளவில் ஊறவைத்து, எது எதுவென்று சொல்லாமல் மாணவர்களுக்குக் கொடுத்தோம். "முதலாவது நாக்குல நின்னு பேசுது சேர், மத்தது வெறுஞ் சாயந்தான்" என்றாள் ஒரு மாணவி. அருகிலிருந்தவன், "பனி நாளுல கூடை நெறையாது, ஆனா அந்தக் கொழுந்துக்குத்தான் இஸ்டோருல மவுசுன்னு அம்மா சொல்லும்" என்றான். ஐந்து நிமிடத்தில், சுவைஞரின் தீர்ப்பும் பொருளாதாரத்தின் பாடமும் அவ்வகுப்பில் ஒருங்கே பேசப்பட்டன. அப்பிள்ளைகள் அதுவரை தம் தாயின் தொழிலைச் சொல்லக் கூசியவர்கள் என்பதை இங்கே குறிப்பிடுவது பொருந்தும்.

ஆசிரிய நண்பர்களும் மாணவர்களும் செய்யக்கூடியது இதுதான். தேயிலையை ஏற்றுமதிப் பட்டியலின் ஓர் எண்ணாக மட்டும் கற்பிக்காதிருப்போம். அதன் துவர்ப்பைத் தமிழில் பெயரிட்டுச் சுவைக்கக் கற்றுக்கொடுப்போம். அத்துவர்ப்பு எந்தக் கையிலிருந்து வந்தது என்பதை நாக்கிலிருந்தும், அந்தக் கைக்கு என்ன கிடைத்தது என்பதைக் கணக்கிலிருந்தும் அறியச் செய்வோம். கூலியைத் தீர்மானிப்பது போராட்டம். ஒரு கோப்பை தேநீரால் அது தீர்மானிக்கப்படுவதில்லை. ஆனால் தன் உழைப்பு ஒரு கலை என்று அறிந்தவர் கூலி கேட்கும் குரல், அதனைப் பிச்சையென்று எண்ணிக் கேட்பவரின் குரலைப்போல் தாழ்ந்திராது. மலையில் விளைந்ததை மலையில் உள்ளோரும் அமர்ந்து, ஆறவைத்து, நயம் பேசிக் குடிக்கும் நாள் வரும்வரை, உலகின் எந்தச் சுவைக்கூடத்திலும் தேயிலையின் சுவை அரைப்பேராகவே பதியப்படும்.